அரைச்ச மாட்டிறைச்சி: கடையில் பார்க்க வேண்டியதும் தாச்சியில் நடப்பதும்

கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்தில் ஐந்து பேர் உள்ள வீடு. இரவுச் சாப்பாட்டுக்கு அரைச்ச மாட்டிறைச்சி வாங்கினால் தாச்சியில் தண்ணி விட்டு அவிகிறது, கடைசியில் மண் மாதிரி உதிர்ந்து பல்லில் அரைபடுகிறது. கட்லட் போட்டால் எண்ணெயில் வெடிக்கிறது. வெளிநாட்டு வீடியோவில் காட்டுகிறபடியே செய்தும் அப்படி வருவதில்லை. எந்தப் பகுதியை வாங்குவது, எப்படிச் சமைப்பது?

வீடியோவில் இருந்தே தொடங்கலாம். அங்கே இருக்கிற மாடு வேறு, எங்கள் இறைச்சிக் கடையில் தொங்குகிற மாடு வேறு. கனடாவில் அரைச்ச இறைச்சிப் பெட்டியில் கொழுப்பின் அளவு பெயரிலேயே தெரியும். எக்ஸ்ட்ரா லீன் என்றால் கூடியது 10 வீதம், லீன் 17, மீடியம் 23, ரெகுலர் 30. அமெரிக்காவிலும் 30 வீதத்துக்கு மேல் போக விடமாட்டார்கள். தீனி போட்டுக் கொழுக்க வைத்த இளம் மாட்டின் கொழுத்த இறைச்சி அதில் சேர்ந்திருக்கும். தாச்சியில் போட்டதும் தன் கொழுப்பிலேயே பொரியும், பத்து நிமிடத்தில் மெதுவாகிவிடும். இங்கே கடைக்கு வருவது பெரும்பாலும் புல்லும் வைக்கோலும் தின்று வெயிலில் நடந்த ஊர்மாடு. பால் வற்றிய பசுவாகவோ வேலை செய்து களைத்த எருதாகவோ இருக்கும். நார் தடிப்பு, சவ்வு கூட, கொழுப்பு மிகக் குறைவு. கொழுப்பை வடித்து ஊற்றுங்கள் என்று அவர்கள் சொல்கிற இடத்தில் எங்களுக்கு வடிக்க ஒன்றும் இராது. ஆகவே இங்கே இரண்டு வேலை கூடுதலாக இருக்கிறது. ஒன்று, கொழுப்பைக் கடையிலேயே கேட்டு வாங்கிச் சேர்ப்பது. மற்றது, இறைச்சிக்குள் இருக்கிற தண்ணியை வெளியே ஓட விடாமல் பார்த்துக்கொள்வது. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

முதலில் பகுதி. அரைக்கத்தானே, எதுவென்றாலும் சரி என்று பலர் தொடையை வாங்குகிறார்கள். துப்புரவாக, சவ்வில்லாமல், கண்ணுக்கு அழகாக இருக்கும். அரைத்தால் மண்ணாகப் போவதும் அதுதான், ஏனென்றால் கொழுப்பும் இல்லை, உருகி வழவழப்புத் தருகிற சவ்வும் இல்லை. அரைப்பதற்கு நல்லது கழுத்தும் தோளும். அங்கே தசைக்கு நடுவில் கொஞ்சக் கொழுப்பும், நீண்ட நேரம் அவிந்தால் பசையாக உருகுகிற இணைப்புச் சவ்வும் இருக்கும். கறியின் ருசி அங்கேதான். நெஞ்சுப் பக்கமும் நல்லது, ஆனால் தனியே எடுத்தால் சில மாட்டில் அளவுக்கு மிஞ்சிக் கொழுத்திருக்கும். கால் தண்டு வேண்டாம். அதன் தடித்த நரம்பு மெசினின் கத்தியில் சுற்றிக்கொள்ளும்.

கடையில் இப்படிக் கேட்டால் போதும்: “நானா, கழுத்தும் தோளுமாக் கலந்து ஒரு கிலோ தாங்கோ, எலும்பு வேண்டாம். நெஞ்சுக் கொழுப்பிலை ஒரு நூறு கிராம் தனியா வையுங்கோ. இப்ப அரைக்க வேண்டாம், பாத்திட்டுச் சொல்லுறன்.” கிலோவுக்கு 100 முதல் 150 கிராம் கொழுப்பு கறிக்குப் போதும். பேர்கர் மாதிரித் தட்டிப் பொரிப்பதென்றால் 200 கிராம். சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கொழுப்பைத் தந்தால் மாற்றிக் கேளுங்கள். அது மெழுகு மாதிரி இறுகினது, சாப்பாடு கொஞ்சம் ஆறினதும் உதட்டிலும் மேல்வாயிலும் ஒட்டும். நெஞ்சுக் கொழுப்பு அதைவிட மிருதுவானது.

கொழுப்பு மஞ்சளாக இருந்தால் பழசு என்று நினைத்துப் பின்வாங்க வேண்டாம். புல்லில் உள்ள நிறச்சத்து கொழுப்பில் படிவதால் வருகிற மஞ்சள் அது. புல் தின்று வளர்ந்த மாட்டுக்கு, அதிலும் வயது போன மாட்டுக்கு, பெரும்பாலும் இருக்கும். இறைச்சி கருஞ்சிவப்பாகவும் கொழுப்பு சுண்ணாம்பு வெள்ளையாகவும் இருந்தால் அது எருமையாக இருக்கக்கூடும். எருமை அந்த நிறச்சத்தைக் கொழுப்பில் சேர்த்து வைப்பதில்லை. எருமை இறைச்சியில் பிழை ஒன்றுமில்லை, ஆனால் இன்னும் கொழுப்புக் குறைவு. அதற்கேற்பக் கூடுதலாகக் கொழுப்புச் சேர்க்க வேண்டும், அவிக்கிற நேரத்தையும் கூட்ட வேண்டும்.

நேரம் காலமும் முக்கியம். காலையில் வெட்டின இறைச்சி குளிரில்லாமல் கொக்கியில் தொங்கும். பங்குனி சித்திரை வெயிலில் பத்து மணிக்குப் பிறகு அதன் முன்னால் நிற்பதில் அர்த்தமில்லை. ஏழு எட்டு மணிக்குள் வாங்கிவிட வேண்டும். விரலால் அமத்தினால் குழி திரும்ப எழும்ப வேண்டும், கை பிசுபிசுக்கக் கூடாது. போயா நாளில் இறைச்சிக் கடை பூட்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு முதல் நாள் சனம் கூட, நல்ல பகுதி விடியவே போய்விடும். வீட்டு வாசலுக்குப் பையில் கட்டிக் கொண்டுவந்து மலிவாகத் தருகிற இறைச்சியை மட்டும் தொடவே வேண்டாம். அனுமதியுள்ள கடைக்குப் போவது கொல்களத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்த இறைச்சி. பையில் வருவதை யார் பார்த்தார்கள்? எந்த நோயில் கிடந்த மாடோ, யாருடைய கொட்டிலில் இருந்து களவு போன மாடோ.

இனிக் கடை மெசின். துண்டாக வாங்கின இறைச்சியில் கிருமி வெளிப்பக்கத்தில்தான் இருக்கும், சூடு பட்டதும் செத்துவிடும். அரைத்தால் வெளிப்பக்கம் உள்ளே போய்விடுகிறது. மெசினுக்குள் காலையில் இருந்து ஒட்டிக் கிடந்ததும் அதோடு சேர்ந்து வரும். மெசினின் வாயைப் பாருங்கள். தட்டின் துளைகளில் காய்ந்து கறுத்த இறைச்சி ஒட்டியிருக்கிறதா? உங்களுடையதைப் போட்டதும் முதலில் புழு மாதிரி வெளியே வருகிற ஒரு பிடி நிறம் மாறி, கபில நிறமாக இருக்கிறதா? அது உங்களுக்கு முதல் வந்தவருடைய இறைச்சி. தட்டைக் கழற்றிக் கழுவித் தந்தால் அங்கேயே அரைக்கலாம். முகத்தைச் சுளித்தால் துண்டாகவே வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டில் அரைப்பது பெரிய வித்தையில்லை, ஆனால் இறைச்சி குளிர்ந்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க முடியாது. வெட்டின சூடு ஆறாத இறைச்சியையோ, குசினி மேசையில் ஒரு மணித்தியாலம் கிடந்ததையோ அரைத்தால் கொழுப்பு துண்டாக வெட்டுப்படாமல் களி மாதிரி நசிந்து, இறைச்சி முழுக்கப் பூசிக்கொள்ளும். சமைக்கும்போது அந்தக் கொழுப்பு முதலிலேயே உருகி ஓடிவிட, மிஞ்சுவது சக்கை. மேலே போர்த்தியிருக்கிற தடித்த வெள்ளைச் சவ்வையும் நரம்பையும் மட்டும் உரித்து எடுத்துவிட்டு, இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, தட்டில் பரப்பி, பிரீசரில் 30 முதல் 45 நிமிடம் வையுங்கள். கல்லாகக் கூடாது; ஓரம் விறைத்து, நடு அமத்தினால் கொஞ்சம் கொடுக்க வேண்டும். கையால் சுற்றுகிற மெசின் இருந்தால் அதன் கத்தியையும் தட்டையும் கூடவே குளிரில் வையுங்கள். பெரிய துளைத் தட்டில் ஒருமுறை அரைத்தால் கறிக்கும் கொத்துறொட்டிக்கும் சரி. கட்லட், பற்றீஸ், உருண்டைக்கு சிறிய துளைத் தட்டில் இரண்டாவது முறை. அரைக்கும்போது இறைச்சி நூலாக வராமல் பிசைந்த மாவாக வந்தால் உடனே நிறுத்துங்கள். கத்தியில் நரம்பு சுற்றியிருக்கும், கழற்றி எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

மெசின் இல்லாவிட்டால் மிக்சியில் செய்யலாம். ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் போடாமல், ஒரு செக்கன் ஓட்டி நிறுத்தி, ஆறேழு தரம். தொடர்ந்து ஓட்டினால் மேல் பக்கம் துண்டாகவும் அடிப்பக்கம் பசையாகவும் வரும். பாரமான கத்தியால் பலகையில் கொத்துவது இன்னும் நல்லது. நேரம் எடுக்கும், ஆனால் பிரட்டல் கறிக்கு அந்தக் கொத்தின் பதத்துக்குக் கிட்ட எந்த மெசினும் வராது.

கழுவுகிற விசயம். மஞ்சள் போட்டு இறைச்சி கழுவாத வீடு எங்களிடம் குறைவு. கழுவத்தான் வேண்டுமென்றால் அரைப்பதற்கு முதல், துண்டாக இருக்கும்போதே கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அரையுங்கள். கழுவின தண்ணி சிங்கைச் சுற்றித் தெறிக்கும் என்பதால் அந்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அரைச்ச இறைச்சியை வடிதட்டில் போட்டுக் கழுவுவது மட்டும் கூடவே கூடாது. சாறும் ருசியும் தண்ணியோடு போய்விடும், துகள்களுக்கு இடையில் நிற்கிற தண்ணி வடியவும் மாட்டாது. “தண்ணி விட்டு அவியுது” என்ற முறைப்பாட்டில் பாதிக்குக் காரணம் இதுதான்.

நிறத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு சொல். அரைச்ச இறைச்சிக் குவியலின் மேல்பக்கம் சிவப்பாகவும் உள்ளே சாம்பல் கலந்த ஊதாவாகவும் இருப்பது இயல்பு. உள்ளே காற்றுப் படவில்லை, அவ்வளவுதான். பரப்பி வைத்தால் அரை மணித்தியாலத்துக்குள் சிவக்கும். மேலும் கீழும் ஒரேயடியாகக் கபிலமாகி, புளித்த மணம் வந்து, விரலில் நூல் மாதிரி இழுபட்டால் எறிய வேண்டியதுதான். தேசிக்காய் பிழிந்து மணத்தை மறைத்துச் சமைக்கிற வேலை வேண்டாம்.

இனித் தாச்சிக்கு வருவோம். இறைச்சியில் முக்கால் பங்கு கிட்டத்தட்டத் தண்ணி. சூடு பட்டதும் தசைநார் சுருங்கி அந்தத் தண்ணியைப் பிழிந்து வெளியே தள்ளும். 500 கிராம் போட்டால் 375 கிராம்தான் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்குச் சோறோடோ புட்டோடோ இன்னொரு மரக்கறியும் இருந்தால் 500 கிராம் காணும். இறைச்சிக் கறி மட்டும் என்றால் 700 எடுக்க வேண்டும். வெளியே வந்த தண்ணி முழுதும் வற்றும்வரை தாச்சியின் சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது. பொரிந்த மணமும் கபில நிறமும் வருவது 140 பாகைக்கு மேலே. அரைக் கிலோவையும் ஒன்றாகக் கொட்டி, இளஞ்சூட்டில் வைத்து, உடனே கிண்டத் தொடங்கினால் இறைச்சி தன் தண்ணியிலேயே அவிந்து சாம்பல் நிறமாகும். அது வற்றுகிற நேரத்துக்குள் நார் இறுகிப் போயிருக்கும்.

இதற்கு வழி: தடித்த தாச்சியை நன்றாகக் காய வைத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, 250 கிராமை எடுத்து றொட்டி தட்டுவது மாதிரி விரல் தடிப்பில் தட்டிப் போடுங்கள். மூன்று நான்கு நிமிடம் தொட வேண்டாம். அகப்பையை எடுத்துக் கையில் வைத்திருந்தால் கை சும்மா இராது, ஆகவே தூர வையுங்கள். காதைக் கொடுத்தால் தெரியும். முதலில் சளசளவென்று தண்ணி கொதிக்கிற சத்தம், பிறகு அது மெலிந்து, காய்ந்த படபடப்பாக மாறும். ஓரத்தில் குமிழி நின்று எண்ணெய் தெளிந்து பிரியும், அவிச்ச மணம் போய்ப் பொரித்த மணம் வரும். அப்போது அடிப்பக்கம் கருங்கபிலமாக இருக்கும். திருப்பிப் போட்டு, அதன் பிறகு அகப்பையால் உடையுங்கள். எல்லா இறைச்சியையும் இப்படிப் பொரிக்க வேண்டியதில்லை. ஒரு பாதியை இப்படிக் கபிலமாக்கி, மற்றப் பாதியை நிறம் மாறுமட்டும் வதக்கினாலே முழுக் கறிக்கும் மணம் வந்துவிடும், மென்மையும் கெடாது.

இன்னொரு உபாயம் அப்பச்சோடா. அரைக் கிலோவுக்குக் கால் தேக்கரண்டி, மட்டமாக. இரண்டு தேக்கரண்டி தண்ணியில் கரைத்து இறைச்சியில் தெளித்துப் பிரட்டி 15 நிமிடம் விடுங்கள். இறைச்சியின் காரத்தன்மை கொஞ்சம் கூடுவதால் நார் இறுகச் சுருங்காது, தண்ணி உள்ளே நிற்கும், நிறமும் கெதியாக வரும். முதிர்ந்த மாட்டுக்கு இது நல்ல கைமருந்து. கைப்பிழையாக அரைத் தேக்கரண்டி விழுந்தால் சவர்க்கார ருசி அடிக்கும், பிறகு எந்தத் தூளாலும் மறைக்க முடியாது.

வீட்டுச் சாப்பாட்டுக்கு முதலில் பழக வேண்டியது பிரட்டல் கறி. புட்டு, இடியப்பம், பாண், றொட்டி, எதற்கும் பொருந்தும், மிஞ்சினதை வைத்து வேறு நாலு சாப்பாடு செய்யலாம். அரைச்ச இறைச்சி 500 கிராம், சின்ன வெங்காயம் 150 கிராம், உள்ளி ஆறு பல்லு, இஞ்சி பெருவிரல் நுனியளவு, பச்சைமிளகாய் மூன்று, கருவேப்பிலை இரண்டு நெட்டு, ரம்பை இரண்டு அங்குலம், கறுவா ஒரு சிறு துண்டு, பெருஞ்சீரகம் அரைத் தேக்கரண்டி, எங்கள் வறுத்த கறித்தூள் இரண்டு மட்ட மேசைக்கரண்டி, நடுத்தரத் தக்காளிப்பழம் ஒன்று, உப்பு ஒரு தேக்கரண்டி. தேங்காய்ப்பால் கப்பிப்பாலாக (முதற்பாலுக்குப் பிறகு பிழிகிற தண்ணிப்பால்) ஒரு கப், முதற்பாலாகக் கால் கப். கடைசிக்கு இறைச்சிச் சரக்குத் தூள் கால் தேக்கரண்டியும் பாதித் தேசிக்காயும்.

இறைச்சியை மேலே சொன்னபடி கபிலமாக்கித் தனியே எடுத்து வையுங்கள். அதே தாச்சியில் ஒட்டியிருக்கிறதைக் கழுவ வேண்டாம், ருசி அதுதான். எண்ணெய் விட்டு பெருஞ்சீரகம், கறுவா, ரம்பை, கருவேப்பிலை, பிறகு வெங்காயம், பச்சைமிளகாய். வெங்காயம் ஓரம் சிவந்ததும் இடித்த இஞ்சி உள்ளி போட்டு ஒரு நிமிடம். அடுத்தது தக்காளிப்பழம், அது கரைந்து ஈரமான பிறகே தூள். எங்கள் தூள் ஏற்கெனவே வறுத்தது என்பதை மறக்கக் கூடாது. காய்ந்த எண்ணெயில் நேரே போட்டால் பத்து செக்கனில் கருகிக் கைக்கும். வறுக்காத தூள் பாவிக்கிற ஊர்களின் செய்முறையில் “தூளை எண்ணெயில் வதக்குங்கள்” என்று இருப்பதை அப்படியே பின்பற்றிக் கறியைக் கெடுப்பவர்கள் அதிகம். தூள் ஈரத்தில் பிரண்டதும் இறைச்சி, உப்பு, கப்பிப்பால்.

நேரம்தான் இங்கே பெரிய விசயம். கழுத்தும் தோளுமாக அரைத்தது என்றால் மூடி போட்டு, மெல்லிய நெருப்பில், ஓரத்தில் மட்டும் குமிழி வருகிற அளவில் 35 முதல் 40 நிமிடம். பத்தாம் நிமிடம் வாயில் போட்டுப் பார்த்தால் ரப்பர் மாதிரி இருக்கும். பலர் அந்த இடத்தில்தான் “இறைச்சி சரியில்லை” என்று இறக்கிவிடுகிறார்கள், அல்லது நெருப்பைக் கூட்டுகிறார்கள். சவ்வு பசையாக உருகுவதற்குச் சூட்டைவிட நேரமே தேவை. அரை மணித்தியாலம் தாண்டினதும் குழம்பு தடித்துப் பளபளக்கும், அகப்பையில் ஒட்டி நிற்கும்; அது தேங்காய்ப்பாலால் மட்டும் வந்ததில்லை. தொடை இறைச்சியைத்தான் வாங்கிவிட்டீர்கள் என்றால் கதை மாறும். உருக அதில் ஒன்றும் இல்லை, நீள அவிக்க அவிக்கக் காயும். 12 முதல் 15 நிமிடத்தில் இறக்கி, கப்பிப்பாலைப் பாதியாக்கி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோ நெய்யோ கூட விடுங்கள்.

முதற்பால் கடைசியில். நெருப்பைக் குறைத்து, ஊற்றிக் கிண்டி, ஓரம் கொதிக்கத் தொடங்கும்போதே இறக்க வேண்டும். தக்காளிப்பழப் புளிப்பு இருக்கிற கறி என்பதால் நன்றாகக் கொதிக்க விட்டால் பால் திரியும். சரக்குத் தூளைத் தூவி மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் தேசிப்புளி. அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கைக்கும்.

மாடு சேராத வீட்டில் இதே முறையில் ஆட்டிறைச்சியை அரைத்துச் சமைக்கலாம். ஆட்டுக் கொழுப்புக்கு மணம் கூட என்பதால் தனியே கொழுப்புச் சேர்க்கத் தேவையில்லை, அவிக்கிற நேரம் கால் மணித்தியாலம் குறையும்.

கட்லட் வெடிப்பதற்குக் காரணம் எப்போதும் ஆவி. உள்ளே ஈரம், வெளியே வெடிப்புள்ள கவசம், சூடான எண்ணெய். 250 கிராம் இறைச்சிக்கு 300 கிராம் உருளைக்கிழங்கு சரியான கணக்கு. கிழங்கைத் தோலோடு முழுசாக அவியுங்கள். வெட்டி அவித்தால் தண்ணி குடிக்கும். சூட்டோடு தோலுரித்து மசித்து, அகலத் தட்டில் பரப்பி ஆவி போக விடுங்கள். இறைச்சியைத் தூள், மிளகு, வெங்காயத்தோடு தேங்காய்ப்பால் விடாமல், தாச்சியில் ஈரம் கண்ணுக்குத் தெரியாதமட்டும் பிரட்டி எடுக்க வேண்டும். இரண்டும் முழுதாக ஆறின பிறகே சேர்க்க வேண்டும். சூட்டோடு உருட்டினால் உள்ளே அடைபட்ட ஆவி தண்ணியாக நிற்கும். 35 முதல் 40 கிராம் உருண்டை, அதாவது தேசிக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளங்கையில் அமத்தி உருட்டி வெடிப்பில்லாமல் தட்டுங்கள். கோதுமை மாவை முட்டையோடு தோசை மாப்பதத்தில் கரைத்து அதில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டி, பிரிட்ஜில் அரை மணித்தியாலம் வைத்தால் கவசம் இறுகும். எண்ணெய் 175 முதல் 180 பாகை. வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு துண்டுப் பாணைப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் பொன்னிறமானால் சரி. ஒரு தடவைக்கு ஐந்தாறுக்கு மேல் போட்டால் எண்ணெய் குளிர்ந்து, கவசம் இறுக முன்னமே எண்ணெய் உள்ளே இறங்கி ஊதி உடையும். இதே கூட்டுத்தான் ரோல்ஸுக்கும் பற்றீஸுக்கும். அவற்றுக்குக் கிழங்கைப் பாதியாகக் குறைக்கலாம்.

உருண்டைக் கறி செய்வதென்றால் பாணைக் கைவிட வேண்டாம். அரைக் கிலோவுக்குப் பாண் இரண்டு துண்டு, கரையை வெட்டிவிட்டு 80 மில்லிலீற்றர் பாலில் ஊற வைத்துக் கூழாகப் பிசைந்து சேருங்கள். மாச்சத்து தண்ணியைப் பிடித்து வைக்கும், இறைச்சி நார்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைவதைத் தடுக்கும். கொழுப்பில்லாத எங்கள் மாட்டுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி உப்பு, பொடியாக வெட்டின வெங்காயம், மிளகு. இங்கே உப்பைச் சேர்த்துக் கொஞ்சம் பிசையலாம். உப்பு இறைச்சியின் புரதத்தைக் கரைத்துப் பசையாக்கி உருண்டையைக் கட்டிவைக்கும். 30 கிராம் உருண்டைகளைக் குழம்பு மெல்லக் கொதிக்கும்போது இறக்கி, முதல் ஐந்து நிமிடம் அகப்பை போடாமல் தாச்சியை மட்டும் ஆட்டி, 15 முதல் 20 நிமிடம் அவியுங்கள்.

அதே உப்பு பேர்கருக்கு எதிரி. பிசைந்தால் பேர்கர் சொசேஜ் மாதிரி இறுகிவிடும். 120 கிராம் எடுத்து இறுக்காமல் தட்டி, நடுவில் பெருவிரலால் ஒரு பள்ளம் வைத்து, தாச்சியில் போடுகிற நேரத்தில் மேலே மட்டும் உப்பு. நடு ஊதாமல் மட்டமாக வரும். உள்ளே இளஞ்சிவப்பாக வைத்துச் சாப்பிடுகிற பாங்கு முழு இறைச்சித் துண்டுக்குத்தான் பொருந்தும். அரைத்ததற்கு நடுப்பகுதி 71 பாகை வர வேண்டும். 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத பேர்கரில் இருந்த ஈ-கோலை கிருமியால் நூற்றுக்கணக்கானோர் நோயுற்று நான்கு சிறுவர்கள் இறந்தார்கள். குளிர்பதனம் உள்ள நாட்டிலேயே அப்படி. கொக்கியில் தொங்கின இறைச்சிக்கு இந்த விசயத்தில் துணிச்சல் வேண்டாம்.

வைத்திருப்பது பற்றி. வெளியே 32 பாகைக்கு மேல் வெயில் என்றால் அரைச்ச இறைச்சிக்கு ஒரு மணித்தியாலம்தான் கணக்கு, அதற்குள் குளிருக்குள் போய்விட வேண்டும். சைக்கிள் காண்டிலில் தொங்கவிட்டுச் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்விட்டு வருகிற நேரமும் அதில் சேர்த்தி. பிரிட்ஜில் ஒரு நாள், கூடினால் இரண்டு. அதற்கு மேலென்றால் 250 கிராம் வீதம் பொலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஒரு அங்குலத்துக்கும் குறைவான தடிப்பில் தட்டையாக்கி உறைய வையுங்கள். மூன்று நான்கு மாதம் ருசி குறையாமல் இருக்கும். தட்டையாக இருப்பதால் குளிர்ந்த தண்ணியில் அரை மணித்தியாலத்தில் இளகும். பந்தாக உறைய வைத்தால் வெளி இளகிக் கெடத் தொடங்கும்போது உள்ளே இன்னும் கல்லாக இருக்கும். மின்சாரம் நின்றால் கதவைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். நிரம்பின பிரீசர் மூடியபடி 48 மணித்தியாலம் தாங்கும், பாதி நிரம்பினது 24. பிரிட்ஜின் கீழ்த்தட்டு நான்கு மணித்தியாலம்தான்.

சமைத்த கறியைச் சட்டியோடு அடுப்பில் விட்டு, காலையில் ஒரு கொதி கொதிக்க வைக்கிற பழக்கத்தையும் விட வேண்டும். தடித்த கறியின் நடுப்பகுதி மணித்தியாலக் கணக்கில் இளஞ்சூடாகவே இருக்கும், சூட்டுக்குச் சாகாத விதைகளை உடைய கிருமி அங்கே முளைக்கும். அகலப் பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் வராமல் பரப்பி, ஆவி அடங்கினதும், இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் எடுக்கும்போது மேலே கொழுப்பும் தேங்காய் எண்ணெயும் வெள்ளையாக உறைந்திருக்கும், எடுத்து எறிய வேண்டாம். அதையே தாச்சியில் போட்டு உருக்கி, கறிவேப்பிலை தாளித்து, கறியை வற்ற வற்றப் பிரட்டினால் அதுதான் கொத்துறொட்டிக்கும், பிள்ளைகளின் மக்கரோனிக்கும், பாணுக்குள் வைக்கிறதுக்கும் சரியான பதம்.